அக்கி எழுதிய மூன்று நாள்

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ, முன்பெல்லாம் ஒருவருக்கு விலாவில் வரிசையாகக் கொப்புளம் கிளம்பினால் வீட்டில் யாரும் டாக்டரைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அக்கி வந்திருக்கு, வேளார் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பானை வனைகிறவர், அய்யனார் கோயிலுக்குப் புரவி செய்கிறவர், பல ஊர்களில் அந்தக் கோயிலின் பூசாரி என்று வேளாருக்கு ஊரில் பல வேலை. அக்கி எழுதுவதும் அதில் ஒன்று. மண்ணையும் நெருப்பையும் கையாளுகிற கைக்கு உடம்புச் சூடும் கட்டுப்படும் என்பது நம்பிக்கை.

காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்துக் குழம்பாக எடுப்பார். கோழி இறகு, மயிலிறகு, ஈர்க்குச்சி என்று கைக்குக் கிடைத்தது எழுதுகோல். கொப்புளக் கூட்டத்தைச் சுற்றி முதலில் ஓர் எல்லைக்கோடு. பிறகு உள்ளே பூச்சு. சிலர் மேலே சிங்கம் வரைவார்கள், சிலர் நாய் வரைவார்கள். காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, பெரும்பாலும் மூன்று நாள் தொடர்ந்து எழுத வேண்டும். கூலி என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. வெற்றிலை பாக்கும் கொடுப்பதைக் கொடுப்பதும்தான்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதுகுத்தண்டில் தொடங்கி வலது மார்புக்குக் கீழே வரை நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை. சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். நடுமுதுகைத் தாண்டி இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. யாரோ அளவெடுத்து நிறுத்தியதுபோல அது அங்கேயே நின்றிருந்தது. வேளார் அவரைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, முதுகிலிருந்து மெதுவாக இறகை இழுத்துக்கொண்டு வந்தார்.

"எரியுதப்பா, மொளகாய அரைச்சு அப்புன மாதிரி இருக்கு."

"எழுதுனா அடங்கிரும் ஆத்தா. மூணு நாளைக்குத் தண்ணி ஊத்திக்கிறாதீங்க. கருவாடு, கத்திரிக்கா தொடக் கூடாது."

அன்று ராத்திரி அவர் தூங்கினார். ரெண்டு மூணு வாரத்தில் கொப்புளம் பொருக்காகி உதிர்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் அக்கி ஆறிவிட்டது என்றார்கள். ஆனால் அந்தப் பட்டை இருந்த இடத்தில் சேலை முந்தானை உரசினால்கூட அப்பத்தா துடித்துப் போவார். தோலில் ஒன்றும் தெரியாது, தொட்டால் தீ. கடைசிவரை அது போகவே இல்லை. "வயசாச்சு, உடம்பு அப்படித்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நாங்களும் நம்பினோம்.

அந்தத் தீ வயதால் வந்தது இல்லை, நரம்பால் வந்தது. அக்கி பார்ப்பதற்குத் தோல் நோய். உண்மையில் அது நரம்புக்குள் குடியிருக்கும் ஒரு வைரஸின் வேலை. சின்ன வயதில் நமக்கு வந்து போகிறதே சின்னம்மை, அதே வைரஸ்தான். அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம் அங்கேயே கிடக்கும். வயது ஏறியோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதாவது ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வருகிறது. ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையை மட்டும் ஆள்வதால்தான் கொப்புளம் நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. அப்பத்தாவின் முதுகில் நான் பார்த்த அந்த எல்லை அவருடைய நரம்பின் எல்லை.

இதை ஊரறிய எடுத்துச் சொன்னவர் ஒரு குடும்ப டாக்டர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறுநகரில் வைத்தியம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். அந்தக் குறிப்புகளைக் கொண்டு, பழைய சின்னம்மை வைரஸ் உள்ளே உறங்கிக் கிடந்து மறுபடி எழுவதே அக்கி என்று 1965-ல் எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், வருகிறவரைப் பார்த்து நோட்டில் எழுதியே கண்டுபிடித்தது. நம் வேளார் தெருக்களிலும் அப்படி ஒரு நோட்டு தலைமுறை தலைமுறையாக இருந்திருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காவி பூசுவதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். தோல் அரிப்புக்கும் அம்மைக் கொப்புளத்துக்கும் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிற காலமைன் லோஷனின் இளஞ்சிவப்பு நிறமும் இதே இரும்பு ஆக்சைடால் வருவதுதான். ஈரத்தை உறிஞ்சும், தோலைக் குளிர்விக்கும், சேலையோ சட்டையோ நேராக உரசாமல் ஒரு படலம் தரும். அதற்கு மேல், ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து உங்கள் புண்ணை முகம் சுளிக்காமல் பார்த்து, தொட்டு, சரியாகிவிடும் என்று சொல்கிறார். அப்பத்தா அன்று தூங்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

ஆனால் அக்கிக் கொப்புளம் யாரும் எதுவும் எழுதாமலே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். அதனால் எது பூசினாலும் அதற்கே பேர் கிடைத்துவிடும். காவிக்கும் கிடைத்தது, அருகம்புல் சாற்றுக்கும் கிடைத்தது. நரம்புக்குள் நடந்த சேதத்தை எந்தப் பூச்சும் எட்டவில்லை. கொப்புளம் ஆறி மூன்று மாதத்துக்குப் பிறகும் நீடிக்கும் இந்த வலி, அக்கி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது வருகிறது. வயது ஏற ஏற இந்தக் கணக்கும் ஏறும்.

சீனாவிலும் இந்த நோய்க்கு நீண்ட மரபு உண்டு. அங்கே நாட்டுப்புறத்தார் இதை இடுப்பைச் சுற்றும் பாம்பு என்பார்கள். தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்ற பயமும் அங்கே உண்டு. கர்நாடகத்தில் சர்ப்பச் சுற்று. நம் ஊர்க் கிழவிகளும் அக்கி சுற்றி வளைத்துவிடக் கூடாது என்றே வேண்டிக்கொள்வார்கள். சீன வைத்தியர்கள் இதை ஈரலின் சூடு என்று பார்த்து, ஜென்ஷியன் வேர், அதிமதுரம் உள்ளிட்ட பத்துச் சரக்குகள் சேர்ந்த லோங்தான் ஷியேகான் என்ற கஷாயத்தைக் கொடுத்தார்கள். பித்தச் சூடு என்று நம் வைத்தியர்கள் சொன்னதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

அந்தக் கஷாயத்தின் பின்கதையை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலப்போக்கில் அந்தப் பத்துச் சரக்கில் ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துக் கொடி ஒன்று கலக்கப்பட்டு, கடையில் மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2003-ல் சீன அரசு அந்தக் கொடியை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பத்தாண்டு முன்னாலேயே பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட சீன மூலிகையால் பெண்களின் சிறுநீரகம் கெட்ட செய்தி வெளிவந்திருந்தது. இந்த இனத்துச் செடிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் அறிவித்துவிட்டது.

இது ஏதோ சீனத்துச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. நம் கரிசல் காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும், விஷக்கடிக்கு நல்லது என்று வேலியில் படரவிடும் ஈஸ்வரமூலியும் அதே இனம். அதே நஞ்சு இவற்றிலும் இருக்கிறது. ஆடே தின்னாது என்று பேரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். மேலே பூசுவது வேறு, மாதக்கணக்கில் உள்ளே குடிப்பது வேறு. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி இன்றைய கதை. 1970களில் அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் கெர்ட்ரூட் எலியனின் குழு அசைக்ளோவிர் என்ற மருந்தை உருவாக்கியது. வைரஸ் பெருகும் இடத்தில் மட்டும் வீரியம் பெற்று அந்தப் பெருக்கத்தை நிறுத்துவது அதன் வேலை. 1988-ல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இதுவும் பேசப்பட்டது. அக்கிக்கு 800 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. எளிதாகக் கிடைப்பது.

ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். வைரஸ் பெருகி நரம்பைச் சிதைப்பது அந்த முதல் சில நாளில்தான் உச்சத்தில் இருக்கும். 72 மணி என்றால் மூன்று நாள். அக்கி எழுதும் மூன்று நாளும் அதுதான்.

அப்பத்தா காலத்தில் அந்த மூன்று நாளை வேளார் வீட்டில் கழித்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்போது வேறு எங்கே போனாலும் வைரஸுக்கு மருந்து இல்லை. இன்று அதே மூன்று நாள் கையில் இருக்கும் ஒரே அவகாசம். மதுரையைச் சுற்றி இன்றும் பலர் முதலில் எழுதிப் பார்த்து, நாலாம் நாளோ ஒரு வாரம் கழித்தோ வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கொப்புளத்தின் மேல் காவி காய்ந்திருக்கும். மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம் கடந்திருக்கும்.

வேளார் வீட்டில் அக்கி எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்யும் பிள்ளைகளில் எத்தனை பேர் காவி உரைக்கப் போகிறார்கள்? ஆனால் தாமதம் மட்டும் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. வேளார் வீட்டுக்குப் போன கால்கள் இப்போது தெருமுனை மெடிக்கலுக்குப் போகின்றன. அங்கே ஒரு வலி மாத்திரையும் ஒரு ட்யூப் களிம்பும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அசைக்ளோவிர் பெயர் போட்ட களிம்பாகவே இருந்தாலும் அக்கிக்கு அது உதவாது. மருந்து ரத்தத்தின் வழியாக நரம்புக்குப் போக வேண்டும், அதற்கு மாத்திரைதான் வழி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் அதை டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அக்கி முன்னைவிட அதிகம் கண்ணில் படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1950களில் இந்தியரின் சராசரி ஆயுள் நாற்பதை ஒட்டி இருந்தது. இன்று எழுபதைத் தொட்டிருக்கிறது. அக்கி வரும் வயதுவரை வாழ்கிறவர்களே அன்று குறைவு. இன்று பல வீடுகளில் ஒரு முதியவர் இருக்கிறார், அவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை நோயும், புற்றுநோய்ச் சிகிச்சையும், மூட்டுவாதத்துக்கு எடுக்கும் சில மருந்துகளும் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும். 1990களில் இருபது, முப்பது வயதுக்காரருக்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனைக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் டாக்டர்களிடையே இருந்தது. அந்த எச்சரிக்கை இன்றும் தேவை.

முகத்தில் வரும் அக்கியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எழுதக் கூடாது. நெற்றியில் ஒரு பக்கமாகக் கிளம்பி மூக்கு நுனியிலும் கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் வைரஸ் போக வாய்ப்பு மிக அதிகம். இரண்டுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை. கருவிழி வெந்து பார்வையே போகலாம். 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உள்ள ஊர் மதுரை. அரசு ராஜாஜி மருத்துவமனையும் இங்கேயே இருக்கிறது. பஸ் ஏறினால் அடையும் தூரத்தில் இவை இருக்கும்போது நெற்றியில் காவியோடு காத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. காதுமடலில் கொப்புளமும் அதே பக்கம் வாய்க் கோணலும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். அதை வெறும் முகவாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

மூலிகைக்கும் இந்த நோய்க்கும் உறவு முறிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பத்தா சொன்ன அந்த மிளகாய், இன்று அக்கிக்குப் பிந்திய நரம்பு வலிக்கு மருந்து. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளைத் தோலில் ஒட்டினால், வலியைச் சொல்லும் நரம்பு நுனிகள் முதலில் எரிந்து பிறகு நீண்ட நாள் மரத்துப்போகின்றன. 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டைக்கு அமெரிக்கா 2009-ல் இந்த வலிக்கென்றே அனுமதி தந்தது. காரத்தை நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் நமக்கு வெகுதூரமில்லை. ஆனால் வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசுகிற வேலை கண்டிப்பாக வேண்டாம். மருந்தாகும் அளவு ஆய்வுக்கூடத்தில் அளந்து வந்தது.

அக்கிக்கான தடுப்பூசியிலும் ஒரு மரம் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஷிங்க்ரிக்ஸ் என்ற ஊசியில் வீரியம் கூட்டச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று, சிலி நாட்டில் வளரும் மரமொன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய பரிசோதனைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்கி வராமல் தடுத்தது. விலை, ஒரு ஊசி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு இது எட்டாத விலை. வசதியுள்ள பிள்ளைகள் அறுபதாம் கல்யாணத்துக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மற்றவர்களுக்கு அரசுதான் வழி செய்ய வேண்டும்.

நம் சித்த வைத்தியத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2012-ல் டெங்குவின்போது நிலவேம்புக் குடிநீரையும் 2020-ல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரையும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர்கள் நம் மக்கள். கபசுரக் குடிநீர் ஆய்வுக்கும் போனது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காவி பூசினால் எரிச்சல் எவ்வளவு குறைகிறது, மாத்திரையோடு சேர்த்துப் பூசினால் புண் சீக்கிரம் ஆறுகிறதா, மூன்று மாதம் கழித்து வலி யாருக்கு நீடிக்கிறது என்று ஆள் வைத்து எண்ணிப் பார்க்கலாம். நல்லதென்றால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வப் பெண்கள், அக்கியையும் கேட்டு வர வேண்டும். அக்கி எழுதும் வேளார்களும் காவியை உரைப்பதற்கு முன்னால், "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தீங்களா ஆத்தா?" என்று கேட்க வேண்டும். ஊரில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடம்பின் ஒரு பக்கமாக எரிச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் மாத்திரை தொடங்குங்கள். சின்னம்மை வராத குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் புண் ஆறும்வரை நெருங்க விடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் அக்கி சின்னம்மையாக வரலாம். வீட்டுப் பெரியவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, முகம் தவிர்த்து, புண் உடையாத இடமாகப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.